ஒன்றுமில்லை என்று சொல்லும் உளவாளி

உன் பேரை எழுதாமல்தான் ஆரம்பிக்கிறேன். வீட்டில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கொஞ்சம்தானே. சாதாரண நாளில் கண்ணு, பரீட்சை நாளில் ராஜா, கோபம் வந்தால் டேய். பேரை விட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காலையில் பையை மாட்டிக்கொண்டு பெங்களூர் ரயிலைப் பிடிக்கக் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடுகிற பிள்ளைகள் நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். அதில் உன்னை மாதிரி இன்னும் யார் யாரோ, அவர்களைப் பெற்றவர்கள் என்னை மாதிரி எப்படித் தவிக்கிறார்களோ தெரியாது. அவர்களும் படித்தால் நல்லது என்று தோன்றியதால் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். ஆனால் முதலில் நீ படி. வேண்டாம் என்று நீ சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவேன், வேறு யார் கண்ணிலும் படாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே தைரியம் போய்விடும். உனக்கு வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தினமும் நீ ரயில் ஏறி பெங்களூருக்குப் போவதும், கண்டோன்மென்டில் இறங்கி பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பதும் தெரியும். சொன்னது நம்ம பின் லைன் வீட்டு ஆரோக்கியம். அவன் அங்கே ஒரு பேங்கில் ராத்திரி செக்யூரிட்டி. காலையில் டியூட்டி முடிந்து திரும்பும்போதும் சாயந்திரம் டியூட்டிக்கு வரும்போதும் உன்னைப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் பார்த்துவிட்டு, யாருக்காகவோ காத்திருக்கிறாய் என்று விட்டுவிட்டான். மறுபடி மறுபடி அதே இடத்தில் பார்த்த பிறகுதான் என்னிடம் வந்தான். தண்ணிக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தம்பி இப்போ வேலைக்குப் போவுதா?" என்றான். "ஏன்டா, போறானே" என்றேன். அவன் குடத்தைப் பார்த்துக்கொண்டே, "போன்ல அந்தப் பழைய ஸ்பை சீரியலப் பாத்துகினு உக்காந்திருக்குதுக்கா. நான் எதுத்தாப்புல நின்னாகூட தெரியல" என்றான். நல்ல பிள்ளை, வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அடுப்பில் வைத்தது அடி பிடிக்கிறது, ஜெபமாலை எடுத்தால் எந்த மணியில் நிற்கிறேன் என்று மறந்துபோகிறது. நீ செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்து உன் முகம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். உன் செல்லில் ஒரு மெசேஜ் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறேன். வேலை போனதற்காக இல்லை கண்ணு. வேலை போகும், வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். சாமியார் உன் பேரையும் பிரின்சி பேரையும் சேர்த்துப் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். மூன்று ஞாயிறு கேட்பார். ஒரு வார்த்தை தெரியாமல் அந்தப் பெண் முக்காடு போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், நீ அவளுக்கு எதிர் வரிசையில் கல்லாக நிற்பாய், எல்லாம் தெரிந்த நான் நடுவில் முட்டி போட்டிருக்க வேண்டும். என்னால் முடியாது. அதற்கு முன்னால் நீ அவளிடம் சொல்லியாக வேண்டும்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்பாய். நீ பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறாயே, அந்தத் தொடரை வைத்தே சொல்கிறேன். அது உனக்கு முன்னால் எனக்குச் சொந்தம். நான் கல்யாணமாகி இந்த லைன் வீட்டுக்கு வந்த புதிதில் டி.வி. இருந்தது சேவியர் அண்ணன் வீட்டில் மட்டும்தான். அவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றுகிற கேஜை ஓட்டுகிறவர், கையில் கொஞ்சம் வசதி. வாரத்தில் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு அது இங்கிலீஷில் வரும். ஒரே சேனல், வேறு வழியில்லை, வந்ததைப் பார்ப்போம். அந்தக் கதாநாயகனுக்குப் பேரே கிடையாது, நாங்கள் கோட்டுக்காரர் என்போம். அவருக்கு உத்தரவு கொடுப்பவர் ஒரு சவரக்கடைக்காரர், கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு காதில் ரகசியம் சொல்வார். மரத்துக்குள்ளிருந்து டெலிபோன் அடிக்கும். அலமாரியைத் திறந்தால் உள்ளே கடல். எதிரிகளின் ஆபீஸ் ஒரு பேக்கரியில், பன்னைப் பிய்த்தால் சாவி. எந்த நாட்டுக்காக வேலை செய்கிறார், எதிரி யார், ஒரு எழவும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை லிஃப்ட் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் பக்கவாட்டில் போனது. சேவியர் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாடா இது, கேஜு சைடுல போவுது? இத என்ன ஓட்டச் சொன்னா நான் வேலையே வாணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்" என்றார். அந்த வாரம் முழுக்க ஷிப்டுக்கு ஷிப்டு அதே பேச்சு.

ஆம்பிளைகளுக்கு அதில் பிடித்தது கதவுகளும் சாவிகளும். ஷிப்டு மாறி மாறி வருவதால் எந்த ஆம்பிளையும் அதை முழுசாகப் பார்த்ததில்லை. நாங்கள்தான் எல்லாம் பார்த்தோம். எங்களுக்குப் பிடித்தது கடைசிக் கொஞ்ச நேரம். உனக்குத் தெரியும், இருந்தாலும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எவ்வளவு கூத்து நடந்தாலும் ஒவ்வொரு வாரமும் கோட்டுக்காரர் வீடு திரும்புவார். வீடு வாரம் ஒரு தெருவில் இருக்கும், கதவு மட்டும் அதே பச்சை. மனைவி தட்டை வைப்பாள். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பாள். அவர் கோட்டை மாட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்பார். அவர் கை கழுவப் போனதும் அவள் கோட்டுப் பையில் கை விடுவாள். ஒரு நாள் ஈர மணல், ஒரு நாள் உயிரோடு ஒரு சிட்டுக்குருவி. எதையும் கேட்காமல் மேஜை டிராயரில் போட்டு மூடுவாள். அதோடு முடியும். அந்த இடத்தில் சேவியர் அண்ணன் வீட்டில் ஒரு பொம்பளை பேச மாட்டாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மட்டும் பொறுக்க முடியாமல் டி.வி.யைப் பார்த்து, "கேளுடி. ஒரு வாட்டி கேளேன்டி அந்தாள" என்பாள். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது.

எங்களுக்கு எப்படிப் புரியாமல் இருக்கும் சொல். எங்கள் வீட்டு ஆம்பிளைகளும் அதே பதில்தான் சொல்வார்கள். உன் அப்பா கீழே மரம் கொடுத்துப் பாறையைத் தாங்க வைக்கிற டிம்பர் வேலை. ஒரு மத்தியானம் ஏர் பிளாஸ்ட் ஆனது. கீழே பாறை தானாக வெடிக்கும், மேலே எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் உருண்டு விழும். அன்றைக்கு அலமாரியிலிருந்து மாதா சொரூபமே விழுந்தது. நாங்கள் எல்லாரும் சுரங்க வாசல் ஷாப்டு கேட்டுக்கு ஓடினோம். கேஜு ஏறி ஏறி வருகிறது, இறங்குகிற முகம் ஒவ்வொன்றும் வேற ஆள் முகம். கன்னியம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. கடைசியில் உன் அப்பா வந்தார். காதெல்லாம் தூசு, கண் மட்டும் தெரிகிறது. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக் குளித்தார். தட்டை வைத்து, "இன்னா ஆச்சு கீழ?" என்றேன். "ஒன்னுமில்ல. கொழம்பு ஊத்து" என்றார். அவர் சட்டைப் பையில் ஒரு கல் சில்லு இருந்தது. அதை எடுத்து வெளியே வீசிவிட்டு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்குக் கீழே அவர் பக்கத்தில் யார் இருந்தது, யாருக்கு என்ன ஆனது என்று ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயால் இன்றுவரை சொன்னதில்லை.

நீ காலேஜ் போய் அந்தத் தொடரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாயே, எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ பிறப்பதற்கு முன்னாலேயே நின்றுபோன ஒன்று. முடிவுகூடக் கிடையாது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு கூட்டம், ஒரு குரூப்பு, பச்சைக் கதவு போட்ட பனியன். எதற்குடா இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று கேட்டேன். "அதுல எதுக்குமே விளக்கம் கிடையாதும்மா, அதான்" என்றாய். அப்போது அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. எல்லாருக்கும் வீட்டில் யாராவது ஒருத்தர் கோட்டைக் கழற்றிவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். வெளியே நடப்பது அலமாரிக்குள் கடல் இருக்கிற மாதிரி அவர்களுக்கே விளங்குவதில்லை, எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வார்கள். அதனால்தான் அது பழசாகவில்லை என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தால் உங்கள் குரூப்பு ஆட்களையே கேட்டுக்கொள்.

பிரின்சி உனக்குக் கிடைத்ததும் அதனால்தானே. ரயிலில் நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய், பங்காருபேட்டையில் ஏறின பெண் எட்டிப் பார்த்து, "இது எங்கம்மா சொல்ற கதையாச்சே" என்றாள் என்று நீதான் வந்து சொன்னாய். அதற்குப் பிறகு ஒய்ட்ஃபீல்டில் அவள் இறங்கும் வரை தினம் சண்டை. நீ டிராயருக்குள்தான் நிஜமான ஊர் இருக்கிறது என்பாயாம், அவள், கோட்டுக்காரர் பொண்டாட்டிதான் நிஜமான உளவாளி என்பாளாம். கல்யாணப் பத்திரிகையில் பச்சைக் கதவு போட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நின்றீர்கள். அச்சாபீஸ்காரர், "மாதா படம் போடலையா?" என்று என்னைத்தான் முறைத்தார். அவ்வளவு பேசுகிற பிள்ளைகள். அதே ரயிலில், அதே சீட்டில், இப்போதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போகிறாய், அவள் இறங்கி ஆபீசுக்குப் போகிறாள், நீ அடுத்து இறங்கிச் சும்மா உட்காருகிறாய். எப்படிடா முடிகிறது உன்னால்?

வெட்கம் என்பாய். எனக்குத் தெரியாதா? சுரங்கம் மூடினபோது உன் அப்பாவுக்கும் வேலை போனது. ஆனால் அன்றைக்கு ஊருக்கே போனது. கேட்டுக்கு எல்லாரும் ஒன்றாகப் போனார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள், எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி சோறு. யாரும் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. கன்னியம்மா அழுதால் நான் போவேன், நான் அழுதால் அவள் வருவாள். உனக்கு அது இல்லை. ஒரு மெயிலோ போனோ வந்து, நீ ஒருத்தன் மட்டும் தனியாக வெளியே வந்திருக்கிறாய். அதனால்தான் எனக்குக் கோபமே வரவில்லை, பயம்தான் வருகிறது. பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தலையில் என்னென்ன ஓடும் என்று நினைத்து, ரயில் ஹார்ன் கேட்டாலே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். இதை எழுதவே கூடாது என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

நேற்று பிரின்சி எனக்குப் போன் போட்டாள். புடவை பிளவுஸ் அளவு என்று ஆரம்பித்தாள். அப்புறம் சத்தம் இறங்கிப்போய், "ஆன்ட்டி, அவருக்கு இன்னா ஆச்சு? என்மேல எதுனா கோவமா? கேட்டா ஒன்னுமில்லங்கிறாரு" என்றாள். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ஒன்னுமில்லம்மா, கல்யாண டென்ஷன்" என்றேன். சொன்ன பிறகு என் நாக்கை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் அவளுக்கு நாம் அந்தத் தட்டை வைக்கிற பொம்பளையின் வேலையைக் கொடுத்துவிட்டோம். இத்தனை வருஷம் நான் செய்த வேலை அது, அதில் ஒரு பெருமையும் கிடையாது. கேட்காமல் இருப்பதற்குப் பேர் பொறுமை என்று எங்களுக்குச் சொல்லிவைத்தார்கள். பொறுமையும் இல்லை ஒன்றும் இல்லை, பயம். கேட்டால் என்ன பதில் வருமோ என்கிற பயம்தான்.

அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, அதைப் பொய்யாக எழுத மாட்டேன். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லலாம். அவங்க அப்பா வேறு மாதிரிப் பேசலாம். அழுதுவிட்டு மறுநாள் உன் பயோடேட்டாவை நாலு பேருக்கு அனுப்பலாம். அவள் அந்த ரகம்தான் என்று என் மனசு சொல்கிறது, ஆனால் என் மனசை நம்பி நீ எதையும் செய்யாதே. எது ஆனாலும் அது அவள் தெரிந்துகொண்டு எடுத்த முடிவாக இருக்கட்டும். ஓலை முடிந்து, மோதிரம் மாற்றி, அதற்கப்புறம் ஆரோக்கியம் மாதிரி யாரோ ஒருத்தர் குழாயடியில் அவளிடம் வந்து சொல்கிற நிலைமை மட்டும் வரக் கூடாது. எனக்கு அதைத் தாங்குகிற உடம்பு இருக்கிறது, அவளுக்கு ஏன் வர வேண்டும்?

இன்றைக்குச் சாயந்திரம் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், திட்டிக்கொள். அவர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கிற வரைக்கும் கை நிற்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன், ஒன்றுமே பேசாமல் எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தேன். கடைசி பீன்ஸையும் உரித்துப் போட்டுவிட்டு, "மத்தியானம் யாரோட சாப்புடுறான்?" என்று கேட்டார். தனியாகத்தான் இருக்கும் என்றேன். "கீழ எவ்ளோ மோசமான நாள்லகூட ஒருத்தன் தனியா சாப்புட்டதில்ல. டப்பாவத் தொறந்தா நாலு கை விழும்" என்றார். இத்தனை வருஷத்தில் கீழே நடந்ததைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான் கண்ணு. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சொன்னார். அது எனக்கு, உனக்கு எழுத மாட்டேன்.

அப்புறம் எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். "காலையில எனக்கும் சேத்துச் சோறு கட்டு. நானும் அவன்கூடப் போறேன்" என்றார். எங்கே போய் என்ன செய்வீர்கள் என்றேன். "இன்னா செய்யறது, பெஞ்சுல உக்காருவேன்" என்றார். அந்த மனுஷன் முடிவு செய்துவிட்டால் நான் சொல்லி மாற்ற முடியாது, உனக்கும் தெரியும்.

ஆகவே காலையில் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கும்போது அவர் வாசலில் ஷூ போட்டுக்கொண்டு நிற்பார். நீ ரயிலிலேயே படிக்கலாம். அவர் ஒன்றும் கேட்க மாட்டார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். ஆனால் பங்காருபேட்டையில் பிரின்சி ஏறுவாள். மாமனாரைப் பார்த்ததும் கும்பிட்டு, எங்கே மாமா கிளம்பிட்டீங்க என்று கேட்பாள். உன் அப்பாவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியும், பொய் சொல்ல வராது. கோரமண்டலில் வண்டி கிளம்பினால் பங்காருபேட்டை வருவதற்குள் உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அவள் அவரைக் கேட்பதற்கு முன்னால் நீ அவளிடம் பேசிவிடு.